நாகலிங்கம் அண்ணன் எனக்கு யார்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ரவிக்கைக் கழுத்து வெட்டக் காட்டிக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். வகுப்பிலிருந்த தன் மகளை அழைத்துப்போக வந்தவள் அவள். எனக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

"டீச்சரம்மா, பொண்ண கொஞ்சம் அனுப்புங்க. ஊட்ல சின்னத பாத்துக்க ஆளில்ல. அளத்துல நாடகக்காரரு போய்ட்டாருங்க. காலையில டீ எடுத்துனு போய் எழுப்பறேன், எழுந்திரிக்கவே இல்ல. நாங்கதான் எல்லாம் பாக்கணும். அவருக்குன்னு யாரு இருக்கிறாங்க?"

"எந்த நாடகக்காரர்?" என்று கேட்டேன்.

பதினோரு வருடம் ஒரே மேடையில் என்னோடு நடித்தவர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். ஒன்பது வருடப் பழக்கம், நாக்கில் அப்படி ஊறிப்போயிருந்தது. அஞ்சலை மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பிறகு அதைக் கையில் எடுக்க முடியவில்லை.

மரக்காணத்தில் அவரைப் பார்க்காதவர்கள் குறைவு. உப்பு அம்பாரங்களுக்குக் காவலாக, வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே ஓலைக் குடிசையில் இருந்த உயரமான கிழவர். கூனிமேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அவரைக் கண்டிருப்பார்கள். தனியாக நின்று கைகளை வீசிக்கொண்டிருப்பார். உப்புக்கு வசனம் சொல்லிக் காட்டுகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் பெயர் நாகலிங்கம் என்பதோ, ஒரு காலத்தில் விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் வரைக்கும் ராஜபார்ட் நாகலிங்கம் என்று தட்டி வைத்தால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும் என்பதோ இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நானும் என் கணவரும்தான். நாங்கள் சொல்லவில்லை.

என்னை இந்த ஊர் பிலோமினா டீச்சர் என்று அறியும். உப்பு இலாகாவில் கிளார்க்காக இருக்கும் ஆரோக்கியசாமியின் மனைவி. திண்டிவனம் பக்கம் மடத்தில் வளர்ந்த அநாதைப் பெண் என்றுதான் என் மாமியாரிடம் சொல்லிக் கல்யாணம் நடந்தது. அநாதை என்பது மட்டும் நிஜம். அதற்கு முன்னால் நான் செண்பகவல்லி. நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட்.

தாய் இறந்த பிறகு, கம்பெனியில் உடுப்புப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தியோடு பதினான்கு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். நாகலிங்கம் அண்ணனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். அவரைப் புகழ்ந்தே எழுத வேண்டும் என்று ஆசைதான். ஆனால் முதல் மூன்று வருடம் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கர்வி. சாப்பாட்டுப் பந்தியில் அவர் இலைக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும். தாளம் தப்பியதென்று ஆர்மோனியக்காரரை எல்லோர் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்தவர். அவருடைய மனைவி இந்தக் கோபத்துக்குப் பயந்தே பிறந்த வீடு போனார் என்று சொல்வார்கள். திரும்பி வரவில்லை. குழந்தையும் இல்லை.

மேடையில் இன்னும் மோசம். நான் பேசி ஜனம் உருகுகிற நேரம் பார்த்து, தூரத்தில் நிற்கிறவர் மெதுவாக அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போடுவார். அவ்வளவுதான். அத்தனை கண்களும் அவர் பக்கம் போய்விடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து சண்டை போட்டேன்.

"நான் அழுவுறப்ப நீங்க ஏன்ணே துண்ட எடுக்கறீங்க?"

"உன் அழுகை கெட்டியா இருந்தா என் துண்ட எவன் பாப்பான்?" என்றார். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, சிரிக்காமல்.

அந்த மனிதருக்குத்தான் பண்ருட்டி முகாமில் வசனம் மறந்தது. நான் எதிரே ராணியாக நிற்கிறேன். அவர் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. கண்ணில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்பு அவரிடம் நான் பார்த்ததில்லை. அவர் காலில் விழுவது போல் குனிந்து, உதடு அசையாமல் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். கொட்டகை அதிர்ந்தது. நாடகம் முடிந்து உள்ளே வந்தவர் என்னைப் பார்க்காமல் மகுடத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நன்றிம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம், அவர் வசனத்தையும் சேர்த்து நான்தான் மனப்பாடம் செய்தேன். விசிறியால் முகத்தை மறைத்துச் சொல்வேன். கட்டிப்பிடித்து அழும்போது காதோரம் சொல்வேன். நான் இல்லாத காட்சியில் பக்கப் படுதாவை ஒட்டி நின்று சொல்வேன். அவர் இடது காதைப் படுதாப் பக்கம் வைத்து நிற்கப் பழகிக்கொண்டார். அந்த நிற்பே ஒரு கம்பீரம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்குத் தெரியாது. ஆர்மோனியக்காரருக்குக்கூடத் தெரியாது. நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

பிறகு திண்டிவனம் முகாமுக்கு ஆரோக்கியசாமி வந்தார். பதினோரு நாட்கள் தொடர்ந்து வந்தார். பன்னிரண்டாம் நாள் சித்தியிடம் பேசினார். எனக்கு வயது இருபத்தைந்து. கம்பெனியிலிருந்த மூத்த நடிகைகளின் கதியை நான் பார்த்திருந்தேன். அண்ணனிடம் சொல்லப் போனேன். அவர் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார்.

"நீ போனா எனக்கு யாரும்மா சொல்லித் தருவாங்க?" என்றார் முதலில். சொன்ன மாத்திரத்தில் தலையை உதறிக்கொண்டார். "இல்ல, இல்ல. அத மறந்துடு. பையன் எப்படி? குடிப்பானா?"

"இல்லண்ணே."

"கவர்மெண்ட் உத்தியோகம். பிராந்தி வாசனை இல்லாத வீடு. போ. இந்தத் தகரக் கொட்டகைய விட்டு ஒருத்தியாவது போய்ப் பொழைச்சான்னு இருக்கட்டும். ஆனா ஒண்ணு. போனப்பறம் திரும்பிப் பாக்காத."

நான் போன இருபது நாளில், பிரம்மதேசத்துக்கு அருகே ஓர் ஊரில், அவர் மேடை நடுவில் வாயடைத்து நின்றாராம். படுதாவை இறக்கும்வரை ஜனம் கூச்சல் போட்டதாம். அந்த ஊரிலிருந்து இங்கே உப்பு ஏற்ற வந்த வண்டிக்காரர் என் மாமியாரிடம் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நான் அவருக்கு மோர் கொடுத்தேன். ஒரு வருடத்தில் கம்பெனியே கலைந்துவிட்டது என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஐந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாமியாரோடு கோயிலை விட்டு வெளியே வருகிறேன். எதிரே டீக்கடை ஓரம் அண்ணன் நிற்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. காக்கிச் சட்டை, அளவு பொருந்தாத சட்டை. உப்பளக் குத்தகைதாரர் ஒருவர் எங்கேயோ அவரைப் பார்த்துக் காவலுக்கு அழைத்து வந்திருக்கிறார். நான் இந்த ஊரில் இருப்பது அவருக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் அப்படியே மலர்ந்தது. ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

"யாரு அந்தாளு? உன்னையே பாத்துனு வர்றான்?" என்றார் மாமியார்.

நான் தலை குனிந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டேன். அவர் என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது. கைகூப்பி மாமியாரிடம் சொன்னார்: "தாயே, ஊருக்குப் புதுசு. தபாலாபீஸ் எந்தப் பக்கங்க?"

மாமியார் வழி சொன்னார். அவர் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் ஏது?

அன்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிய வேணாம். அவரா வந்து பேசிட்டா?" என்று கேட்டார். "பேசமாட்டார்" என்றேன். பேசவில்லை. ஊரறிய ஒன்பது வருடம் பேசவில்லை. நான் கடைத்தெருவில் வந்தால் அவர் மறுபக்கம் போய்விடுவார். அவருக்கு இந்த ஊரில் பேச யாருமில்லை. எனக்கு மாமியார், கணவர், வகுப்புப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், ஆனால் எனக்கும் பேச யாருமில்லை. துணி தைத்துக்கொண்டிருக்கும்போது பழைய வசனம் ஏதாவது வாய்வரை வரும். மிஷினை வேகமாக மிதிப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், கோயில் திருவிழாவுக்கு வாலிபர் சபையார் ஒரு நாடகம் போட்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு ராஜாவின் கதை, உபதேசியார் எழுதியது. ராஜா வேஷத்துக்கு ஆள் இல்லாமல், நாடகக்காரர் என்று ஊர் சொல்வதை நம்பி, பங்குச் சாமியார் நேரே உப்பளத்துக்குப் போய் அண்ணனைக் கேட்டிருக்கிறார். அவர் சம்மதித்துவிட்டார். அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்கிறவர்கள் ஒரு தடவையாவது மேடையில் நின்றிருக்க வேண்டும்.

உடுப்பு தைக்கும் வேலை என் வகுப்புக்கு வந்தது. வசன நோட்டும் வந்தது. இரண்டே நாளில் ராஜாவின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எக்கியார்குப்பத்துக்காரர்கள் பொழுதோடு வீடு திரும்ப வேண்டும் என்பதால் நாலு மணிக்கே நாடகம். வெயில் இருந்தது. உப்பளத்துக்காரர்கள், குப்பத்து ஜனங்கள், பங்கு ஜனங்கள் என்று மைதானம் நிறைந்துவிட்டது. மாமியார் முன்வரிசையில், மேடைக்கு இடதுபக்கம். நான் ஊசியும் நூலுமாக உள்ளே, பக்கப் படுதா ஓரம்.

அண்ணன் உடுப்போடு வந்தார். என்னைப் பார்த்தார். மேடைக்குப் போய், இடது காது என் பக்கம் இருக்கும்படி நின்றார்.

நான் சொன்னேன், அவர் பேசினார். அதை எப்படி எழுதுவது? என் தொண்டைக்குள்ளிருந்து நூல் போலப் போகிற சொல், அவர் வாயில் மணி போல் ஒலித்தது. முதல் காட்சி, இரண்டாம் காட்சி. வேர்க்கடலை விற்றவன் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தான். மூன்றாம் காட்சியில் ராஜா மகனின் உடலுக்கு முன் நின்று புலம்ப வேண்டும். பாதி வந்தாயிற்று. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த நிசப்தத்தில்தான் மாமியாரின் குரல் கேட்டது.

"உள்ள யாரோ பொம்பள சொல்லித் தர்றா. நம்ம பிலோமினா கொரல் மாதிரி இருக்குதே?"

நாற்காலி நகரும் ஓசை. அவர் எழுந்து படுதாப் பக்கம் வருகிறார் என்று புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் காத்திருந்தார். நான் அடுத்த வரியைச் சொல்லவில்லை. கையிலிருந்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். யாரோ சீட்டி அடித்தார்கள். "டேய், பெருசுக்கு மறந்துபோச்சுடா!" என்று ஒரு குரல். மாமியார் படுதாவை எட்ட இரண்டு அடி இருக்கும்போது, அண்ணன் தள்ளாடி, அங்கி தடுக்கி, பிணமாகப் படுத்திருந்த வாலிபர்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பிணம் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்தது. மைதானமே சிரித்தது. மாமியார் நின்ற இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். என் குரல் அவருக்கு மறந்தே போய்விட்டது. அண்ணன் எழுந்து, அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டு, மறுபக்கம் இறங்கிப் போனார்.

அதிலிருந்து பிணத்துமேல் உட்கார்ந்த ராஜா என்று அவருக்குப் பெயர் வந்தது. கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அரிசி, பருப்பை அஞ்சலைதான் வாங்கிப் போவாள்.

சென்ற வருடம் மாமியார் காலமானார். நான் பயந்த ஒரே ஆள் போய்விட்டார். அப்படியும் அண்ணனைப் போய்ப் பார்க்க எனக்கு மாதங்கள் ஆயின. கார்த்திகை மழையில் அளமெல்லாம் ஏரி போல் கிடந்தபோது, அவருக்குக் காய்ச்சல் என்று அஞ்சலை சொல்லக் கேட்டு, ஒரு மத்தியானம் கஞ்சித் தூக்கோடு போனேன். வரப்பு வழியாக வருகிற என்னைக் கண்டதும் அவர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"ஏம்மா வந்த? யாராவது பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும்ணே."

கஞ்சியைக் குடித்தார். உப்புப் போதவில்லை என்றார். உப்பு அம்பாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்கிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. தனியாக நின்று வசனம் பேசுகிறாராமே என்று கேட்டேன். "வசனமா? உப்புத் தண்ணில நின்னு கை மரத்துப்போகுதும்மா. உதறிக்கறேன்" என்றார். பிறகுதான் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று வாயை மூடிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அழுகையில் பாதி சொல் வெளியே வரவில்லை.

அவர் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு அன்னைக்கு மறக்கலம்மா. அடுத்த வரி தெரியும். அந்தம்மா எழுந்து உன்னப் பாக்க வந்துட்டாங்க. நான் விழுந்தாத்தான் எல்லாரும் என் பக்கம் பாப்பாங்க. அடுத்தவங்க மேல இருக்கற கண்ண என் பக்கம் இழுக்கறது எனக்கென்ன புதுசா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "அப்படின்னா அந்த அடுத்த வரி என்னண்ணே?"

"அது ஆச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல. இப்ப எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மையா, என் மனச்சுமையை இறக்குவதற்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதமாக யோசிக்கிறேன். அவர் நல்ல நடிகர்.

புறப்படும்போது, "செண்பகம், இனிமே இங்க வராத. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பதினான்கு வருடம் கழித்து ஒருவர் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் சொன்னபடி நான் மறுபடி போகவில்லை. போயிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியில் உப்பு இலாகா ஆபீஸ் ஜன்னலருகே நின்று என் கணவரைக் கூப்பிட்டேன். "நாகலிங்கம் அண்ணன் போய்ட்டார். நான் அங்க போறேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு என் கூடவே வந்தார்.

குடிசை முன்னால் இருபது பேர் இருந்தார்கள். மடத்துப் பெண்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சாவுப் பதிவுக்குத் தகவல் எழுதிக்கொண்டு போகக் கிராம முன்சீப் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார்.

"பேரு நாடகக்காரருன்னு எழுத முடியாதுங்க. ஒழுங்கான பேரு யாருக்காச்சும் தெரியுமா?"

"நாகலிங்கம்" என்றேன். "ராஜபார்ட் நாகலிங்கம்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க அவருக்கு என்ன உறவு?"

கூட்டம் திரும்பியது. தையல் வகுப்பில் என்னிடம் படித்த பெண்கள், பூசையில் என் பக்கத்தில் முழங்காலிடுகிறவர்கள், எல்லோரும்.

"அவர் ராஜாவா நடிச்சா நான் ராணியா நடிப்பேன். பதினோரு வருஷம். என் பேரு அப்ப செண்பகவல்லி."

அந்த ஆள் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரிங்கம்மா. அது உறவு இல்லீங்களே?"

என் கணவர்தான் பதில் சொன்னார். இருபது வார்த்தைக்குமேல் சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். "உடன் நடித்தவர்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாடைக்கு மூங்கில் கட்டுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார்.

மாலை நாலு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வைக்க அஞ்சலையின் வீட்டுக்காரர் முன்னால் போனார். வரப்பு ஓராள் அகலம்தான் என்பதால், தூக்கியவர்கள் இரண்டு பக்கமும் பாத்திக்குள் இறங்கி நடந்தார்கள். விளைந்து, வாருவதற்குத் தயாராக இருந்த உப்பு அது. அவர்கள் காலடியில் நொறுங்கியது. குத்தகைதாரர் அங்கேயேதான் இருந்தார். தடுக்கவில்லை. பெண்கள் நாங்கள் ரோட்டோரம் நின்றுவிட்டோம். வலதுபக்கம் பின்னால் தூக்கியிருந்தவர் என் கணவர். பழக்கமில்லாத தோள், அடிக்கடி மாற்றிக்கொண்டார்.

கண்ணுக்கு எட்டியவரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. அஞ்சலை வந்து என் முதுகில் கை வைத்து, "அழுதுடுங்க டீச்சரம்மா, உள்ள வெச்சுக்காதீங்க" என்றாள்.

ரோட்டில் பஸ் ஒன்று நின்றிருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய்விட்டு, குரலெடுத்து, அண்ணே என்று கூப்பிட்டு அழுதேன்.

போய் வாருங்கள், அண்ணே.